‘ஃபேர்’: நிறமா, நெறியா?

அயல்மொழிச் சொற்களுள் சில நம் இல்லங்களுக்கு விருந்தினராய் வந்து, நாளடைவில் வீட்டாருள் ஒருவராகவே தங்கிவிடுகின்றன. மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் அத்தகைய சொற்கள் பல உண்டு. அவற்றின் பொருளை நாம் அகராதியில் தேடுவதில்லை. நாள்தோறும் புழங்குவதனாலேயே பொருள் விளங்கிவிட்டதாக எண்ணிக்கொள்கிறோம். ‘ஃபேர்’ என்னும் ஆங்கிலப் பண்புச்சொல் அவ்வாறு நம்மிடையே தங்கிவிட்ட ஒன்று.

ஆங்கிலத்தில் நான்கே எழுத்துகளால் ஆன சிறு சொல் இது. ஆயினும் இச்சொல் நம் வீட்டுப் பிள்ளைகளின் நாவில் ஒரு பொருளையும், பெரியோரின் நாவில் வேறொரு பொருளையும் தருகிறது. பிள்ளைகள் அதனை நியாயம் என்னும் பொருளில் வழங்குகின்றனர். பெரியோர் நிறம் என்னும் பொருளில் வழங்குகின்றனர். இவ்விரு பொருள்களும் எவ்வாறு ஒரு சொல்லில் வந்து கூடின, அவற்றுள் நமக்கு உரியது எது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

சொல்லின் பிறப்பு

பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லுக்கு முதற்பொருள் அழகு, இனிமை என்பனவே. முகமாயினும், நகரமாயினும், பேச்சாயினும், கண்ணுக்கோ செவிக்கோ இனியது எதுவும் ‘ஃபேர்’ எனப்பட்டது. அழகுப் பொருளிலிருந்து மாசின்மைப் பொருள் கிளைத்தது. மாசின்மையிலிருந்து நேர்மை, நடுநிலைமை என்னும் பொருள்கள் விரிந்தன. இன்றும் மழையும் புயலும் இல்லாத தெளிந்த வானிலையை ஆங்கிலேயர் ‘ஃபேர்’ என்றே குறிப்பர். பழைய காற்றழுத்தமானிகளின் முகப்பில் புயல், மழை, மாறுதல் என்பவற்றைக் குறிக்கும் சொற்களை அடுத்து இச்சொல்லும் பொறிக்கப்பட்டிருக்கும். வானம் தெளிந்திருக்கும்போது மட்டும் உடனிருந்து, மேகம் திரண்டதும் பிரிந்துபோகும் நண்பனை ‘ஃபேர் வெதர்’ நண்பன் என்பர். குளத்தில் நீர் வற்றியதும் பறந்துவிடும் பறவைகளை மூதுரையில் ஔவையார் உவமையாக்கினாரன்றோ? அப்பறவைகளுக்கு உறவினனே இந்நண்பனும்.

‘ஃபேர்’ என்பதற்கு எதிர்ச்சொல் ‘ஃபவுல்’. அழுக்கு, தீமை, முறைகேடு ஆகிய மூன்றையும் அது குறிக்கும். கால்பந்து ஆட்டத்தில் நடுவர் ஊதுகுழல் ஊதி ‘ஃபவுல்’ என்று அறிவிக்கும்போது, ஆட்டம் ‘ஃபேர்’ என்னும் நெறியிலிருந்து பிறழ்ந்துவிட்டது என்றே அறிவிக்கிறார். நம் தெருப் பிள்ளைகள் இதனையே ‘அழுகுணி ஆட்டம்’ என்று அழகாகச் சொல்லிவந்தனர். தம்பிக்கு இருமுறை மட்டை கிடைத்துத் தனக்கு ஒருமுறையே கிடைத்தால், ‘இது ஃபேர் இல்லை’ என்று இக்காலச் சிறுமி முறையிடுகிறாள். அவள் பாட்டியாயின் ‘இது அநியாயம்’ என்றிருப்பாள். சொல் மாறினாலும் முறையீடு ஒன்றே.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. ஒலியால் ஒத்த வேறு இரு சொற்களை இதனோடு குழப்பிக்கொள்ளலாகாது. தில்லியில் 1980 முதல் நடைபெற்றுவரும் பன்னாட்டு வணிகப் பொருட்காட்சியை ‘டிரேட் ஃபேர்’ என்கிறோம். அந்த ‘ஃபேர்’ திருவிழா நாளைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. எழுத்தும் ஒன்றாயினும் பிறப்பு வேறு. பேருந்துக்கும் புகைவண்டிக்கும் நாம் செலுத்தும் கட்டணமாகிய ‘ஃபேர்’, செல்லுதல் என்னும் பொருளுடைய பழைய ஆங்கில வினையிலிருந்து பிறந்தது. அதன் எழுத்தும் வேறு. தமிழில் எழுதும்போது மூன்றும் ஒரே வடிவம் பெறுகின்றன. ஆய்த எழுத்தை விட்டுவிட்டாலோ, ‘பேர்’ என்று நின்று நம் பெயரையே குறிக்கத் தொடங்கிவிடும்!

நமக்குச் சோறிட்ட சொல்

நம் முன்னோருள் பலர் இந்நகரங்களுக்குக் கொணர்ந்த மூலதனம் தட்டெழுத்தும் சுருக்கெழுத்துமே என்பதை யாவரும் அறிவர். மாதுங்காவிலும் கரோல்பாகிலும் ஒண்டுக் குடித்தனம் நடத்திய அம்முதல் தலைமுறையினருக்கு ‘ஃபேர்’ என்றதும் நினைவுக்கு வந்திருப்பது ‘ஃபேர் காப்பி’ ஆகும். மேலதிகாரி அடித்தும் திருத்தியும் தந்த வரைவை ஒரு பிழையுமின்றித் தட்டெழுதி, ஓரம் ஒதுக்கி, மாலைக்குள் கையொப்பத்திற்கு வைக்கவேண்டும். அத்தூய படியே அவர்களுடைய திறமைக்குச் சான்று. மாதச் சம்பளத்திற்கும் ஊருக்கு அனுப்பிய பணவிடைக்கும் அதுவே வேர். அங்கே ‘ஃபேர்’ என்பதற்குப் பொருள் பிழையின்மை. எழுதியவரின் மேனி என்ன நிறம் என்று அத்தாளைக் கண்டு எவரும் சொல்லிவிட முடியாது.

இப்பொருள் இன்னும் நம் வீட்டில் உயிருடன் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் ‘ரஃப் நோட்டு’, ‘ஃபேர் நோட்டு’ என இரண்டு வைத்திருக்கின்றனர். முதலதில் கிறுக்கலாம், இரண்டாவதில் செம்மையாக எழுதவேண்டும். ‘செம்மையாக’ என்னும் இச்சொல்லை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் அதனிடம் மீள்வோம்.

சட்டத்தின் சொல்

நாட்டின் சட்டங்களிலும் இச்சொல்லுக்கு உயர்ந்த இடம் உண்டு. உணவுப் பொருள் வழங்கும் கடை ‘ஃபேர் பிரைஸ் ஷாப்’. தமிழகத்தில் அதனை ‘நியாய விலைக் கடை’ என்று நன்கு தமிழாக்கினர். 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டமும் இப்பெயரையே ஆள்கிறது. அதே ஆண்டில் இயற்றப்பெற்ற நிலமெடுப்புச் சட்டம், நிலம் இழப்போருக்குரிய ‘ஃபேர்’ இழப்பீட்டைத் தன் பெயரிலேயே தாங்கியுள்ளது. கரும்புக்கு மைய அரசு குறிக்கும் விலைக்கும் 2009 முதல் இவ்வடைமொழி சேர்ந்துள்ளது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் ‘ஃபேர் டீலிங்’ என்றொரு விதிவிலக்கு இருக்கிறது. தம் சொந்த ஆய்வுக்காகவோ, ஒரு நூலைத் திறனாய்வு செய்வதற்காகவோ அதன் பகுதியை முறையாக எடுத்தாளுவது குற்றமாகாது என்பது அதன் கருத்து.

வாடகை வீட்டில் வாழ்ந்த குடும்பங்களுக்கு மற்றொன்று நினைவிருக்கலாம். சென்னை மாநிலத்தின் 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ‘ஃபேர் ரென்ட்’ எனும் நியாய வாடகையை வரையறுத்தது. தில்லியின் 1958ஆம் ஆண்டுச் சட்டம் அதே நோக்கத்திற்கு ‘ஸ்டாண்டர்ட் ரென்ட்’ என்னும் வேறு சொல்லை மேற்கொண்டது. சென்னைச் சட்டம் பின்னர் நீக்கப்பெற்று, 2017இல் இயற்றிய புதிய சட்டம் 2019இல் நடைமுறைக்கு வந்தது.

கூலி பற்றிய பேச்சிலும் இச்சொல் இடம்பெற்றது. 1948இல் அமைக்கப்பெற்ற நியாயக் கூலிக் குழு, கூலியை மூன்று நிலைகளாகப் பகுத்தது. உயிரும் உழைக்கும் திறனும் நிலைக்கப் போதுமான குறைந்த அளவுக் கூலி கீழ்ப்படி. குடும்பம் மதிப்புடன் வாழப் போதுமான வாழ்க்கைக் கூலி மேற்படி. இரண்டுக்கும் இடையே தொழிலின் ஆற்றலுக்கேற்ப அமைவது ‘ஃபேர்’ கூலி. 1978இல் மேனகா காந்தி வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒருவருடைய உரிமையைப் பறிக்கும் நடைமுறை சட்டத்தில் எழுதப்பட்டிருந்தால் மட்டும் போதாது, அது நேரியதாகவும் நியாயமானதாகவும் இருத்தல் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்புக்குப் பின் ‘ஃபேர்’ என்னும் சொல் இந்நாட்டுக் குடிமகன் ஒவ்வொருவருக்கும் காவலாயிற்று.

நடுத்தரம் என்னும் பொருள்

சிறப்பே மிக்க சொல் என்று மயங்கிவிடவும் வேண்டா. பள்ளி மதிப்பீட்டுத் தாளில் ‘எக்ஸலென்ட்’, ‘குட்’, ‘ஃபேர்’, ‘புவர்’ என்று வரிசையிட்டிருந்தால், ‘ஃபேர்’ பெற்ற பிள்ளை பாராட்டுக்குரியவன் அல்லன், தேறியவன், அவ்வளவே. பழைய பொருள் விற்போர் ‘ஃபேர்’ நிலையில் உள்ள மேசை என்றால், அதில் கீறலும் ஆட்டமும் உண்டு என்று கொள்க. ‘ஃபேர்லி குட்’ என்பது ‘ஓரளவு நன்று’ என்பதே. ஆனால் ‘ஃபேர்’ எண்ணிக்கை, ‘ஃபேர்’ அளவு என்னும்போது அது கணிசமான அளவைக் குறிக்கும். வாதத்தின் இடையில் ‘ஃபேர் இனஃப்’ என்றால், ‘நீர் சொல்வதும் ஒப்பத்தக்கதே’ என்று பொருள். வேலைக்கு விண்ணப்பம் எழுதும் இளைஞர்கள் இவ்வேறுபாட்டை நன்கு உணர்தல் வேண்டும். தம் ஆங்கில அறிவு ‘ஃபேர்’ என்று பெருமையுடன் எழுதுவோர், அது சுமாரானது என்று தாமே சான்று தருகின்றனர்.

பெண்குலத்தை ‘ஃபேர் செக்ஸ்’ என்று குறிப்பது ஒரு காலத்தில் ஆங்கிலத்தில் நாகரிகமாக இருந்தது. அழகிய பாலினர் என்பது கருத்து. இன்று அது பழமையும் இளக்காரமும் கலந்த வழக்காகக் கருதப்படுகிறது. எழுத்தில் விலக்குவது நன்று.

நிறத்தின் கதை

இனி நிறப்பொருளுக்கு வருவோம். அழகு என்று பொருள்பட்ட சொல் வெளிர்நிறம் என்று பொருள்படத் தொடங்கியது, அந்நாட்டார் எதனை அழகென்று விரும்பினர் என்பதனால். சொல்லின்மேல் சுவை ஏறிக்கொண்டது. இங்கிலாந்தில் ஒருவரை ‘ஃபேர்’ என்றால் பொன்னிற முடியும் வெளிறிய மேனியும் உடையவர் என்று கொள்வர். பல வேளைகளில் முடியையே முதலிற் கருதுவர். அப்பொருளில் நோக்கினால், கருங்கூந்தலைப் போற்றி எண்ணெயிட்டு வளர்க்கும் நம் பெண்டிருள் எவரும் ‘ஃபேர்’ ஆகார்!

இவ்விரு பொருள்களின் முரண்பாடு ஆங்கிலப் பெருங்கவிஞர் ஷேக்ஸ்பியருக்கே உறுத்தியது. 1609இல் வெளிவந்த அவருடைய பதினான்கடிப் பாக்களுள் 127ஆம் பாடல் தொடங்கி, கரிய கண்ணும் கரிய நிறமும் உடைய ஒரு பெண்ணை முன்னிறுத்தி, கருமையை அழகென்று கொள்ளாத பழைய வழக்கோடு வாதிடுகிறார். ‘ஒதெல்லோ’ நாடகத்தில் கருநிறத் தளபதியை மருமகனாக ஏற்க மறுக்கும் முதியவரிடம் வெனிஸ் நகரத் தலைவர் பேசும்போது, இச்சொல்லை நிறத்தினின்று பிரித்துக் குணத்திற்கு உரியதாக்குகிறார். நானூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுந்த வழக்கு இது.

நம் நாட்டிலோ இச்சொல் முடியை விட்டுவிட்டு மேனியை மட்டும் பற்றிக்கொண்டது. மணமக்கள் விளம்பரங்களில் ‘ஃபேர்’, ‘வெரி ஃபேர்’, ‘வீட்டிஷ்’ என்று துணிக்கடை அட்டைபோல் தரங்கள் வகுத்தோம். கோதுமை நிறம் எனப்படும் ‘வீட்டிஷ்’ இந்திய ஆங்கிலத்திற்கே உரிய ஆட்சி. மூன்று வேளையும் அரிசி உண்டு வளர்ந்த பெண்ணைக் கோதுமையோடு ஒப்பிடுவது வேடிக்கையன்றோ?

வேடிக்கை அத்துடன் நிற்கவில்லை. 1975இல் இந்தியச் சந்தைக்கு வந்த ‘ஃபேர் அண்டு லவ்லி’ என்னும் களிம்பு, இச்சொல்லையே பெயரின் முற்பகுதியாகக் கொண்டு பல்லாயிரம் வீடுகளின் கண்ணாடி அலமாரியில் இடம்பிடித்தது. கருநிறத்தால் வேலையோ மணமோ கிட்டாது என்று காட்டும் விளம்பரங்களைக் கட்டுப்படுத்த 2014இல் விளம்பரத் தர அமைப்பு நெறிமுறை வகுத்தது. அதற்கு முன்பே, 2009இல், சென்னையைச் சேர்ந்த ‘விமன் ஆஃப் வொர்த்’ என்னும் தொண்டு நிறுவனம் கருமையும் அழகே என்னும் இயக்கத்தைத் தொடங்கியிருந்தது. 2020இல் அக்களிம்பு ‘ஃபேர்’ என்பதை நீக்கி ‘குளோ அண்டு லவ்லி’ என்று பெயர் மாறியது. அதே ஆண்டில் ஷாதி டாட் காம் என்னும் மணமக்கள் இணையதளமும் நிறத்தைக் கொண்டு வரன்களை வடிகட்டும் வசதியை நீக்கியது. கடைக்காரர்கள் கைவிட்ட சொல்லை நாம் இன்னும் கைவிடவில்லை.

மேனியின் நிறம் ‘மெலனின்’ என்னும் நிறமியால் அமைவது. அதனை உண்டாக்கும் உயிரணுக்களின் எண்ணிக்கை எல்லா இனத்தாரிடமும் ஏறத்தாழ ஒன்றே. அவை சுரக்கும் நிறமியின் அளவிலும் வகையிலும்தான் வேறுபாடு. வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து தோலைக் காப்பது அந்நிறமியே. அதனைக் குறைப்பதாக விற்கப்படும் களிம்புகள் சிலவற்றில் பாதரசம் கலந்திருப்பது கண்டறியப்பட்டு, 2013ஆம் ஆண்டின் மினமாட்டா உடன்படிக்கை அத்தகையவற்றைத் தடை செய்தது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு. ஒரு சொல்லின் பொருளைத் தவறாகப் பற்றியதற்கு இவ்வளவு பெரிய விலை தர வேண்டுமா?

நம் செம்மை

நம் மொழியிலும் இதற்கு நிகரான ஒரு சொல் உண்டு. அதுவே முன்னர் நினைவில் வைக்கச் சொன்ன ‘செம்மை’. செம்மை என்றால் சிவப்பு. செம்மை என்றால் நேர்மையும் ஆகும். வெளிர்ந்த மேனியாளைத் தமிழர் ‘வெள்ளை’ என்பதினும் ‘சிவப்பு’ என்றே மிகுதியும் சொல்கிறோம். ஆனால் செங்கோல் என்றபோது கோலின் நிறத்தையா கருதினோம்? வளையாமையைக் கருதினோம், அதற்கு எதிர் கருங்கோல் அன்று, கொடுங்கோல். செந்தமிழ் என்றபோது மொழிக்கு நிறம் தீட்டினோமா? திருவள்ளுவர் நடுவு நிலைமை என்னும் 12ஆம் அதிகாரத்தில் ‘செப்பம்’ என்னும் சொல்லை ஆள்கிறார். உள்ளத்தில் கோணல் இன்றிச் சொல்லிலும் கோணல் இல்லாதிருப்பதே அவர் கண்ட செப்பம். ஆங்கிலத்தின் ‘ஃபேர்’ ஏறி நிற்கும் உயர்ந்த படி இதுதான்.

நிறத்தைப் பற்றியும் நம் முன்னோர் கொண்டிருந்த சுவை வேறு. சங்கப் பாடல்களின் தலைவியினது மேனி ‘மாமை’ எனப்பட்டது. மாந்தளிரின் ஒளியுடைய நிறம் அது. தலைவன் பிரிந்தபோது அம்மேனி வெளிறிப் பசலை பாய்வதே துயரின் அடையாளம். வள்ளுவரும் பசப்புறு பருவரல் என 119ஆம் அதிகாரத்தை அதற்கென்றே ஒதுக்கினார். வெளிறுதலை நோய் என்று கொண்ட மரபில் வந்த நாம், வெளிறுதலை வேண்டிக் களிம்பு வாங்குகிறோம். தொல்காப்பியம் முல்லை நிலத்திற்குத் தெய்வமாகக் கூறுபவனும் கரியவனாகிய மாயோன் அன்றோ?

வெளியே ஒரு நீதி, வீட்டில் ஒரு நீதி

வட நகரங்களில் வாழும் நமக்கு இதில் தனிப்பட்ட ஒரு பொறுப்பு உண்டு. நம் பிள்ளைகளுள் பலர் பள்ளியில் ‘காலா’ என்றும் ‘மதராஸி’ என்றும் கேலிக்கு ஆளாகி வருந்துகின்றனர். வாடகைக்கு வீடு தேடும்போது முகத்தையும் நிறத்தையும் அளந்து பார்த்த கண்களை நம்முள் பலர் மறந்திருக்க மாட்டோம். அப்போதெல்லாம் நாம் கொண்ட முறையீடு யாது? ‘இது ஃபேர் இல்லை’ என்பதே. ஆனால் வீட்டிற்குள் நுழைந்ததும், பிறந்த குழந்தையைப் பார்க்க வந்தவர் முதற்கேள்வியாக நிறத்தைக் கேட்கிறார். பெண்ணுக்கு விளம்பரம் எழுதும்போது முதற்சொல்லாக ‘ஃபேர்’ என்று எழுதுகிறோம். வெளியே எதனை அநீதி என்று நொந்தோமோ, அதனையே உள்ளே தகுதி என்று விளம்பரம் செய்கிறோம். இரண்டு மகளிருள் ஒருத்திக்கு அச்சொல் பொருந்தி மற்றவளுக்குப் பொருந்தாவிடின், பொருந்தாதவள் அதனை வாழ்நாள் முழுதும் மறப்பதில்லை. அவள் கல்லூரியில் முதல் வகுப்பில் தேறியதோ, பாட்டிக்கு நோயுற்றபோது இரவெல்லாம் கண்விழித்ததோ அவ்விளம்பரத்தின் மூன்று வரிகளில் இடம்பெறுவதில்லை.

ஆதலின் இச்சொல்லை ஒதுக்கிவிட வேண்டும் என்பது கருத்தன்று. அதன் உயர்ந்த பொருளை மீட்டுக்கொள்ள வேண்டும் என்பதே. மணமக்கள் அறிவிப்பு எழுதும் அன்பர்கள் கல்வி, தொழில், விருப்பம், குணம் ஆகியவற்றை எழுதுக, நிறத்தை விடுக. மறுபுறத்தார் கேட்டாலும், ‘எங்கள் பெண்ணின் நிறம் எங்களுக்குக் குறையாகத் தோன்றியதில்லை’ என்று அமைதியாகச் சொல்லுக. பிள்ளைகளுக்கு ‘ஃபேர் காப்பி’ தூய படி என்றும், ‘ஃபேர் பிரைஸ்’ நியாய விலை என்றும், ‘ஃபேர் பிளே’ நேர்மையான ஆட்டம் என்றும், ‘ஃபேர் வெதர்’ தெளிந்த வானிலை என்றும் சொல்லிக்கொடுங்கள். ஆங்கிலமும் விளங்கும், தமிழும் வளரும். அண்ணனுக்கும் தங்கைக்கும் பண்டம் பங்கிடும்போது, கரியவள் என்றும் சிவந்தவள் என்றும் பாராமல் அன்பையும் அவ்வாறே பங்கிட்டால், அகராதி தராத விளக்கத்தையும் அவர்கள் பெறுவர்.

செம்மை என்பது நம் முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற சொல். அது மேனியில் இல்லை என்பதைச் செங்கோல் ஒன்றே காட்டும். அயல் நகரங்களில் நேர்மையான எழுத்தராகவும் கணக்கராகவும் ஆசிரியராகவும் தமிழர் பெற்ற நற்பெயர் அச்செம்மையால் வந்தது. நம் மக்களுக்கும் அதனையே சேமித்து வைப்போமாக.